அடுத்த சீசனுக்கு எந்த நாடகக் குழுவுக்கு ஆடிஷன் போறது? என் தங்கச்சிக்கு நான் சொன்னது

எங்க சித்தி பொண்ணு போன வாரம் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணி, அக்கா ரெண்டு ஆடிஷன் ஒரே வாரத்துல வருது எதுக்கு போகட்டும் சொல்லுன்னு கேட்டா. ஒண்ணு சென்னைல ஒரு குழு, ஆகஸ்ட்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள மூணு நாடகம் போடறாங்க, மூணுக்கும் சேத்து ஒரே ஆடிஷன், ரிகர்சல் சாயங்காலமும் சனி ஞாயிறும் மட்டும். இன்னொண்ணு பாண்டிச்சேரி பக்கம் முழு நேரக் குழு, பத்து மாசம் அங்கயே தங்கணும், சாப்பாடு இடம் குடுத்து மாசம் ஒரு சின்ன தொகை குடுப்பாங்க. இதுக்கு நடுவுல அவ ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தர் ஒரு சபா ட்ரூப்ல, அதாவது சபாங்கற கலைச் சங்கங்கள்ல நாடகம் போடற குழுல, ரொம்ப வருஷமா நடிக்கறார், அங்க ஒரு பொண்ணு வேஷத்துக்கு ஆள் வேணும், ஆடிஷன்லாம் இல்லம்மா சும்மா வந்து ரெண்டு சீன் படிச்சு காட்டுன்னு கூப்பிட்டிருக்கார். அவளுக்கு 24 வயசு, ஊர் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம், காலேஜ்ல நாலு வருஷம் நாடகம் போட்டா, இப்ப சோழிங்கநல்லூர்ல வேலை, எஜுகேஷன் லோன் இன்னும் ரெண்டு வருஷம் ஓடுது. நான் உடனே பதில் சொல்லல. பன்னெண்டு வருஷமா இதுக்குள்ள இருக்கேன், மூணு மாதிரி எடத்துலயும் வேலை செஞ்சிருக்கேன், அதனாலயே போன்ல ஒரு வார்த்தைல சொல்ல மனசு வரல. ரெண்டு நாள் யோசிச்சு அவளுக்கு எழுதுனதத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க போடறேன், ஏன்னா இதே கேள்விய வேற பசங்களும் எங்கிட்ட கேட்டிருக்காங்க.

மொதல்ல ஒண்ணு. சீசன்ங்கற வார்த்தைய வெளியூர் கம்பெனிங்க சொல்ற அர்த்தத்துல நம்ம ஊர்ல எதிர்பார்க்கக்கூடாது. கர்நாடகால சாகர பக்கத்துல ஹெக்கோடுன்னு ஒரு கிராமம், அங்க நீநாசம்னு ஒரு அமைப்பு, 1949ல கே.வி. சுப்பண்ணாவும் அவர் கூட்டாளிங்களும் ஆரம்பிச்சது, 1985லேர்ந்து திருகாட்டன்னு ஒரு பயணக் குழு வச்சிருக்காங்க. மழைக்காலத்துல உக்காந்து நாடகங்களை தயார் பண்ணிட்டு மழை நின்னதும் செட்டு லைட்டு எல்லாத்தயும் வண்டில ஏத்திக்கிட்டு மாசக்கணக்கா ஊர் ஊரா போய் போடுவாங்க, நடிகருக்கு அந்த மொத்த காலத்துக்கும் சம்பளம். டெல்லில என்எஸ்டின்னு சொல்ற தேசிய நாடகப் பள்ளியோட ரெப்பர்டரி கம்பெனி 1964லேர்ந்து இருக்கு, அதுவும் சம்பளம் குடுக்கற கம்பெனி. தமிழ்ல நகரத்து நாடகத்துல அப்பிடி வருஷா வருஷம் ஆள் எடுத்து சம்பளம் போட்டு ஊர் சுத்தற நிலையான கம்பெனின்னு கைய நீட்டி காட்ட எனக்கு ஒண்ணும் இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா நாடகத்துல சம்பாதிச்சே வீட்டுக்கு அரிசி வாங்கறவங்க நம்மகிட்ட நெறைய பேர் இருக்காங்க, அவங்க ஆடிஷன் போஸ்டர்ல வரமாட்டாங்க, அவங்களப் பத்தி கீழ சொல்றேன்.

சபா நாடகத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதைப் பத்திதான் எங்க செட்டுல எல்லாரும் அலட்சியமா பேசுவாங்க, அது தப்பு. 1952ல ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் ஆரம்பிச்ச யுஏஏங்கற நாடகக் குழு இன்னிக்கு வரைக்கும் மேடைல இருக்கு. ஒரே நாடகத்த நூறு தடவ இருநூறு தடவ போடற பழக்கம் தமிழ்ல நகரத்துல உயிரோட இருக்கறது இங்க மட்டும்தான். ஏப்ரல் மாசம் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தற கோடை நாடக விழால புது நாடகங்கள் வரிசையா அரங்கேறும், அதுக்கப்புறம் எந்த நாடகம் ஓடுதோ அது சபா சபாவா போகும். இங்க ஆடிஷன்னா பெரும்பாலும் படிச்சு காட்டறதுதான், தெரிஞ்சவங்க மூலமாதான் உள்ள போவீங்க. அவங்க பாக்கறது மூணே விஷயம், உச்சரிப்பு சுத்தமா இருக்கா, வசனம் சீக்கிரம் மனப்பாடம் ஆகுமா, சொன்ன தேதிக்கு தவறாம வருவியா. பெரும்பாலானவங்க பேங்க்லயோ ஆபீஸ்லயோ வேலை பாத்துக்கிட்டே நடிக்கறவங்க, அதனால ரிகர்சல் ஏழு மணிக்கு மேல யாராவது வீட்டு ஹால்ல நடக்கும், பத்து பன்னெண்டு ரிகர்சல்ல நாடகம் மேடைக்கு போயிடும். நான் ஒன்றரை வருஷம் ஒரு சபா ட்ரூப்ல இருந்தேன், அங்க கத்துக்கிட்டது வேற எங்கயும் கெடைக்கல, அது ஆடியன்ஸ் சிரிக்கறப்ப எவ்ளோ நேரம் நிக்கணும்ங்கறது. சிரிப்பு ஏறி உச்சிக்கு போய் எறங்க ஆரம்பிக்கற அந்த எடத்துல அடுத்த வசனத்த விடணும், முன்னாடி விட்டா யாருக்கும் கேக்காது, பின்னாடி விட்டா சீன் செத்துடும், இத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது, நாப்பது ஷோ பண்ணினா தானா வரும்.

கொறை என்னன்னா ஒடம்புக்கு அங்க வேலை கெடையாது. மைக்கு தொங்கும், அது கீழ வந்து நின்னு பேசணும், சோபால உக்காரணும் எந்திரிக்கணும். ஒன்றரை வருஷம் கழிச்சு நான் வேற ஒரு டைரக்டர்கிட்ட போனப்ப என்னால மைக் இல்லாம கடைசி வரிசைக்கு பேசவே முடியல, தொண்டை மூணாவது நாளே கட்டிக்கிச்சு. பொண்ணுங்களுக்கு வர்ற வேஷமும் பெரும்பாலும் மருமக, மாமியார், பக்கத்து வீட்டு மாமி, அதுக்கு வெளிய ரொம்ப கம்மி. ஆனா நான் இருந்த ட்ரூப்ல ஆம்பளைங்களுக்கு பெட்ரோல் காசுதான், பொண்ணுங்களுக்கு மட்டும் ஷோவுக்கு இவ்ளோன்னு பேசி கையில குடுத்துடுவாங்க, அது தாமதமானதே இல்ல.

அடுத்தது அவ சொன்ன சென்னை குழு மாதிரி, நாடகத்துக்கு நாடகம் ஆள் எடுக்கற ப்ராஜெக்ட் குழுங்க. இங்கிலீஷ் நாடகத்துல மெட்ராஸ் ப்ளேயர்ஸ் 1955லேர்ந்து இருக்காங்க, அப்புறம் நெறைய குழு வந்தது போனது, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கலந்து போடறவங்களும் இருக்காங்க. ஆடிஷன்னு நாம படத்துல பாக்கற மாதிரி நடக்கறது இங்கதான், தனியா ஒருத்தரே பேசற மோனோலாக் ரெண்டு நிமிஷம், அப்புறம் கையில ஒரு பக்கம் குடுத்து உடனே படிக்க சொல்லுவாங்க, அப்புறம் அஞ்சாறு பேர சேத்து நிக்க வச்சு ஒரு சூழ்நிலை குடுத்து என்ன பண்றீங்கன்னு பாப்பாங்க, ரெண்டாவது நாள் கூப்பிட்டா கால்பேக். இதுல ஒண்ணு எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க. நீங்க மோனோலாக் முடிச்சதும் டைரக்டர், சரி இப்ப இதையே உங்க அம்மாகிட்ட ரகசியமா சொல்ற மாதிரி பண்ணுங்கன்னு சொன்னா, மொத தடவ நல்லா இல்லன்னு அர்த்தம் இல்ல, சொன்னா மாத்திப்பீங்களான்னு பாக்கறாங்க. நான் ரெண்டு தடவ ஆள் எடுக்கற பக்கம் மேஜைல உக்காந்திருக்கேன், அந்த ரெண்டாவது தடவைலதான் முடிவு பண்ணுவோம், மொத தடவ பிரமாதமா பண்ணிட்டு ரெண்டாவது தடவையும் அதே கைய அதே எடத்துல தூக்கினவங்கள எடுக்க பயமா இருக்கும், ஏன்னா ஆறு வாரம் அவங்களோட வேலை செய்யணும்.

இந்த வழியோட லாபம் வேலைய விடவேண்டாம்ங்கறது. எக்மோர்ல மியூசியம் தியேட்டர்னு 1896ல கட்டின ஒரு அரங்கம் இருக்கு, அரைவட்டமா படி படியா சீட்டு, அங்க மைக் இல்லாம ஒரு தடவ பேசிப் பாத்தீங்கன்னா சொல்றேன், நம்ம குரல் சுத்தி வந்து நம்ம மேலயே விழும், எனக்கு மொத தடவ அழுகையே வந்துடுச்சு. நல்ல டைரக்டர்கள், நல்ல ஸ்க்ரிப்ட், விதவிதமான ஆளுங்க, எல்லாம் இருக்கு. ஆனா கணக்கு போட்டு பாக்கணும். 2016ல எனக்கு ஒரு நாடகத்துக்கு நாப்பத்தஞ்சு நாள் ரிகர்சல், ரெண்டே ரெண்டு ஷோ, மொத்தம் மூவாயிரம் குடுத்தாங்க, வேளச்சேரிலேர்ந்து போய் வர பஸ் ஷேர் ஆட்டோ சேத்து நாளைக்கு அறுவது ரூபாய் வச்சாலே 2,700 போயிடுச்சு. காசு கூட பரவால்ல, நாப்பத்தஞ்சு நாள் கட்டின ஒரு பொண்ண ரெண்டு ராத்திரி வாழ்ந்துட்டு விட்டுடறது இருக்கே, அதுதான் மனசுக்கு கஷ்டம், ரெண்டாவது ஷோ முடியறப்பதான் அவ யாருன்னு எனக்கு லேசா புரிய ஆரம்பிச்சது. ஹால் வாடகை, லைட்டு, டிக்கெட் விக்கறது எல்லாம் சேர்ந்து அவங்களாலயும் மூணாவது நாலாவது ஷோ போட முடியறதில்ல, அவங்க மேல கோவம் இல்ல. ஆனா தெரிஞ்சுட்டு போகணும். மூணு நாடகம் சேத்து ஆடிஷன்னா, உன்ன மூணுலயும் எடுப்பாங்கன்னு இல்ல, ஒண்ணுல சின்ன வேஷம் குடுத்துட்டு மத்த ரெண்டுக்கும் ‘பாக்கலாம்’னு சொல்லி தேதிய மட்டும் பிடிச்சு வச்சுக்கலாம், எனக்கு ஒரு குழு அப்பிடித்தான் பண்ணாங்க, நாலு மாசம் வேற எதுக்கும் போகாம காத்திருந்தேன்.

இப்ப முழு நேரக் குழு. இதப் பத்தி கொஞ்சம் அதிகமா பேசப்போறேன்.

தமிழ்ல இந்த எண்ணத்துக்கு பெரிய உதாரணம் கூத்துப்பட்டறை, ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்சது. அவர் புரிசை கண்ணப்ப தம்பிரானோட தெருக்கூத்த பாத்து, நவீன நாடக நடிகனுக்கு இந்த ஒடம்பு வேணும், இந்த குரல் வேணும்னு முடிவு பண்ணவர். ஃபோர்ட் ஃபவுண்டேஷன் நிதி வந்த காலத்துல நடிகர்களுக்கு மாசச் சம்பளம் குடுத்து, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பயிற்சி நடந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கேர்ந்து வந்தவங்க, விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதற வேலைல இருந்து நடிகர்களை பாத்துக்கிட்டே வந்தவர். எல்லாரும் இத சினிமாவுக்கு போற படின்னு பேசறாங்க, நான் அப்பிடி பாக்கல. அந்த ஆளுங்க ஒரு ஃப்ரேம்ல சும்மா நின்னாலே ஏன் நம்ம கண்ணு அங்க போகுதுன்னு யோசிச்சா, தெனமும் எட்டு மணி நேரம் ஒடம்ப வச்சு வேலை செஞ்ச வருஷங்கள்தான் காரணம்னு தோணும்.

பாண்டி பக்கம் ரெண்டு எடம் எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு ஆதிசக்தி, வீணாபாணி சாவ்லா 1981ல பம்பாய்ல ஆரம்பிச்சு அப்புறம் ஆரோவில் பக்கம் வந்து நிலைச்சது, அவங்க 2014ல போயிட்டாங்க, ஆனா வேலை தொடர்ந்து நடக்குது. கேரளத்து பழைய நாடகக் கலையான கூடியாட்டத்துலேர்ந்து மூச்ச எடுத்து, எந்த உணர்ச்சிக்கு மூச்சு எப்பிடி மாறுதுன்னு பாக்கறது, களரிப்பயட்டு, தாளம், குரல், இதெல்லாம் அவங்க பயிற்சில வரும். இன்னொண்ணு பாண்டி டவுனுக்குள்ள இண்டியனோஸ்ட்ரம், குமரன் வளவன் 2007ல ஆரம்பிச்சது, ஒரு பழைய சினிமா கொட்டகைய நாடக அரங்கமா வச்சிருந்தாங்க. தங்கச்சி சொல்ற குழு இந்த ரெண்டும் இல்ல, ஆனா அதே வழில வர்ற ஒண்ணு.

இந்த மாதிரி எடத்துல ஆடிஷன் ரெண்டு நிமிஷத்துல முடியாது. ரெண்டு நாள் மூணு நாள் கூட வச்சுப்பாங்க, காலைல ஆறு மணிக்கு ஓட விடுவாங்க, தாளம் தட்டிக்கிட்டே நடக்க சொல்லுவாங்க, கண்ண மூடிட்டு இன்னொருத்தர் பின்னாடி போக சொல்லுவாங்க, பாட சொல்லுவாங்க, மோனோலாக் கடைசி நாள்தான். நான் போனப்ப மொத நாள் மதியம் சாப்பிட்ட தட்ட கழுவற எடத்துல டைரக்டர் நின்னு பாத்துட்டு இருந்தார், அப்ப புரியல. பத்து மாசம் பன்னெண்டு பேர் ஒரே எடத்துல இருக்கணும், காத்திருக்கறப்ப ஒருத்தர் எப்பிடி இருக்காங்க, அடுத்தவங்க பண்றத பாக்கறாங்களா இல்ல மொபைல பாக்கறாங்களா, இதெல்லாம் அவங்களுக்கு நடிப்பு அளவுக்கு முக்கியம்.

அங்க இருந்த வருஷம் என் வாழ்க்கைலயே கஷ்டமான வருஷம், நல்ல வருஷமும் அதான். மூணு மாசம் வரைக்கும் மேடைன்னு ஒண்ணையே பாக்கல. தெனமும் காலைல மூச்சு, முட்டிய மடக்கி பாதி உக்காந்த மாதிரி அரைமண்டில நின்னு நின்னு தொடை நடுங்கும், மதியம் குரல், சாயங்காலம் ஆளுக்கு ஒரு சின்ன துண்டு தயார் பண்ணி காட்டணும், பாத்துட்டு ‘நாளைக்கு திரும்ப’ன்னு ஒரே வார்த்தை. நாலாவது மாசம் ஒரு நாள் நான் ஒரு வசனம் பேசறப்ப குரல் தொண்டைலேர்ந்து வரல, அடிவயித்துலேர்ந்து வந்துச்சு, நானே திரும்பி பாத்தேன் யாரு பேசறதுன்னு. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா ஓடினதுல கெடைக்காதது அந்த நாலு மாசத்துல கெடைச்சது. ஒடனே இதையும் சொல்லணும், அந்த குழுல கடைசி மூணு மாசம் பேசின தொகை வரல, நிதி வரலன்னு சொன்னாங்க, நம்பினேன், அது நெஜமாவே வரலதான், ஆனா என்னோட அம்மா நகை அடகுக்கு போச்சு. எழுத்துல எதுவும் வாங்கல நான்.

நாலாவது வழி அவ கேக்கவே இல்ல, ஆனா அவ ஊர்க்காரிங்கறதால நானே சொல்றேன். விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் கூத்து ஜமாங்க, அதாவது தெருக்கூத்து ஆடற குழுங்க, இருக்கே, நெஜமான சீசன் அவங்களுக்குத்தான். பங்குனி பொறந்தா திரௌபதி அம்மன் கோயில்ல மகாபாரதக் கதைய நாள்கணக்கா சொல்ற பாரதம் ஆரம்பிக்கும், பகல்ல பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேளம் தாளம் வாசிச்சு களரி கட்டினா விடியற வரைக்கும் கூத்து, ஒரே ஊர்ல பத்து நாள் பதினஞ்சு நாள், அடுத்த ஊர், அப்பிடியே ஆடி வரைக்கும் போகும். தெக்க மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. அங்க நாயகன் வேஷம் கட்டற ராஜபார்ட் ஒரு ஊர்லேர்ந்து வருவார், நாயகி வேஷத்து ஸ்திரிபார்ட் இன்னொரு ஊர்லேர்ந்து, கோமாளி பபூன் வேற ஊர், ரிகர்சலே கெடையாது, மேடைலதான் அன்னிக்கு மொத தடவ சந்திப்பாங்க, ஆனா விடிய விடிய நாடகம் நடக்கும். எல்லாருக்கும் மொத்த நாடகமும் பாட்டோட மனசுல இருக்கும், அதான் அவங்க தகுதி. ஆடிஷன்னு ஒண்ணு இல்ல, குரு பின்னாடி வருஷக்கணக்கா போகணும், கோமாளியா வர்ற கட்டியக்காரனோ தோழியோ வேஷம் கட்டி, வாத்தியார் நம்மள நம்ப ஆரம்பிச்சதும் பெரிய வேஷம் வரும். மொத சோதனை எப்பவும் பாட்டுதான். பழைய பாய்ஸ் கம்பெனி காலத்துலயும் அப்பிடித்தான், எம்ஜிஆர் சிவாஜி எல்லாம் பொடிப்பசங்களா கம்பெனிக்கு போன காலத்துல குரலும் பாட்டும் இல்லாம மேல வர்றது கஷ்டம்.

ஒரு பொண்ணா இந்த வழி எவ்ளோ நடைமுறைன்னு நேர்மையா சொல்லணும். ஸ்பெஷல் நாடகத்துல பொண்ணுங்க ரொம்ப காலமா இருக்காங்க, ஊர் பேசற பேச்ச தாங்கிட்டே குடும்பத்த காப்பாத்தறவங்க, அவங்கள நெனச்சா எனக்கு மரியாதை தவிர வேற எதுவும் வராது. கூத்து ரொம்ப காலம் ஆம்பளைங்க மட்டும் ஆடினது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 1990ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்து சங்கம், 2002லேர்ந்து 2020 வரைக்கும் குருகுலம் நடத்தி பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க, கிரீடம், தோள்ல கட்டற புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கிட்டு பொண்ணுங்க துரியோதனனா வேகமா சுத்தி சுத்தி கிறிக்கி அடிச்சத பாத்திருக்கேன், ரோமம் நின்னுச்சு. ஆனா 24 வயசுல புதுசா ஒரு ஜமால போய் சேர்ந்து ஒரு சீசன் ஆடறதுங்கறது அவளுக்கு இப்ப நடக்கற காரியம் இல்ல. கத்துக்க போகலாம், அது வேற.

என்எஸ்டி பத்தி ரெண்டு வார்த்தை. டெல்லில மூணு வருஷ படிப்பு, டிகிரி வேணும், வயசு வரம்பு இருக்கு, குறைஞ்சது ஆறு நாடகத்துல வேலை செஞ்ச அத்தாட்சி கேப்பாங்க, மொத சுற்று, அப்புறம் டெல்லில சில நாள் பட்டறை வச்சு எடுப்பாங்க, உதவித்தொகை உண்டு. பெங்களூர்ல அவங்களோட ஒரு வருஷ படிப்பும் இருக்கு. அவகிட்ட நாலு நாடகத்துக்குதான் பேப்பர் இருக்கு, அதனால இந்த வருஷம் அந்த பேச்சே இல்ல, ஆனா இனிமே எந்த நாடகம் பண்ணினாலும் போஸ்டர், நோட்டீஸ், டைரக்டர் லெட்டர் மூணையும் ஒரு ஃபைல்ல போட்டு வைன்னு சொல்லிருக்கேன். நான் வைக்காம விட்டு அப்புறம் அலைஞ்சேன்.

சரி, ஆடிஷன்ல என்ன பண்றது. எங்க போனாலும் இந்த கேள்வி வரும், இதுலயும் ரெண்டு மூணு வழி இருக்கு. சினிமா வசனம் பண்ணலாமான்னு கேக்கறாங்க, வேண்டாம். நீங்க எவ்ளோ நல்லா பண்ணினாலும் மேஜைல உக்காந்திருக்கறவங்க காதுல அந்த நடிகரோட குரல்தான் ஓடும், உங்க குரல் அதுக்கு மேல ஏறவே முடியாது. பிரபலமான நாடகத்துலேர்ந்து ஒரு பெரிய பேச்ச எடுக்கறது பரவால்ல, ஆனா அன்னிக்கு அதே பேச்ச இன்னும் நாலு பேர் எடுத்துட்டு வந்திருப்பாங்க, நான் மேஜைல உக்காந்தப்ப ஒரே நாள்ல ஒரே கண்ணகிய ஆறு தடவ பாத்தேன். சொந்தமா எழுதினத பண்றது ஆபத்து, எழுத்து சுமாரா இருந்தா நடிப்பும் சுமாரா தெரியும். என் அனுபவத்துல சிறுகதைலேர்ந்து ஒரு பக்கம் எடுத்து, அதுல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட எதையோ கேக்கற, கெஞ்சற, மறைக்கற எடமா பாத்து, ஒன்றரை நிமிஷத்துக்கு வெட்டிக்கிட்டா அதுதான் நல்லா நிக்குது. யார்கிட்ட பேசறோம்னு நமக்கு தெளிவா தெரியணும், நடுவுல ஒரு எடத்துல மனசு திரும்பணும். கத்தி அழற துண்டு வேணாம், ஏன்னா உள்ள போனதும் பத்து செகண்ட்ல அழுகைக்கு போகணும்னா பொய்யாத்தான் போக முடியும்.

இதுக்கெல்லாம் மேல அவகிட்ட வேற ஒண்ணு இருக்கு, அவளுக்கே தெரியல. அவ ஊர்ல பாரதம் முடியற அன்னிக்கு காலைல களிமண்ணுல பெரிய துரியோதனன செஞ்சு, போரோட கடைசி காட்சியான படுகளம் நடக்கும், துரியோதனன் விழுந்ததும் அவன் பொண்டாட்டி பெருந்திருவாளா வேஷம் கட்டினவர் மொறத்தோட வந்து ஒப்பாரி வைப்பார். இவ சின்ன வயசுல அத அப்பிடியே வீட்டுல வந்து பண்ணி காட்டுவா, எங்க ஆயா வேலைய போட்டுட்டு உக்காந்து கேக்கும். அத ஒரு நிமிஷம் பாடிட்டு அதுலேர்ந்து பேச்சுக்கு வந்தான்னா, அவள தவிர அன்னிக்கு வேற யாராலயும் அத பண்ண முடியாது. சபால படிச்சு காட்ட இது ஆகாது, சென்னை குழுல சிலருக்கு பிடிக்கும் சிலருக்கு புரியாது, பாண்டி குழுல இதத்தான் தேடிட்டு இருப்பாங்க. எங்க நம்மகிட்ட ஏற்கனவே இருக்கறதுக்கு வேலை இருக்கோ அங்க ஆடிஷன் போறதுதான் எனக்கு சரின்னு படுது, இல்லாதத இருக்கற மாதிரி காட்டி உள்ள போனா அப்புறம் மொத்த சீசனும் அதையேதான் காட்டிட்டு இருக்கணும்.

கேக்க வேண்டிய கேள்விங்களும் சொன்னேன், ஆடிஷன் நாம கேக்கற எடமும்தான். எத்தன ரிகர்சல், எத்தன ஷோ உறுதி, காசு எவ்ளோ எந்த தேதிக்கு, ஷோ ரத்தானா என்ன, வேஷம் எது, இதெல்லாம் எழுத்துல வேணும், ஒரு மெயில் போதும். ஒரு நல்ல டைரக்டர் இதுக்கு கோவப்பட மாட்டார், கோவப்பட்டா அதுவே ஒரு பதில். தங்கற எடம்னா ரூம்ல எத்தன பேர், பொண்ணுங்களுக்கு தனியா பாத்ரூம் இருக்கா, ராத்திரி ரிகர்சல் முடிஞ்சா எப்பிடி திரும்பறது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடம்னா வேலை எடத்துல பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டப்படி உள்ளக புகார் குழு இருக்கணும், அதுல யார் யார் இருக்காங்கன்னு பேரு கேளு, இருக்குன்னு மட்டும் சொன்னா ஒத்துக்காத. ஒடம்ப தொட்டு சொல்லிக்குடுக்கற எடம் இது, அதனால இந்த கேள்வி அங்க ரொம்ப தேவை. இத கேக்க எனக்கு 23 வயசுல தைரியம் இல்ல, யாரும் கேளுன்னு சொல்லவும் இல்ல.

என் முடிவு என்னன்னு கேட்டா, வேலைய விட முடியாத நெலமைல இருக்கறவங்களுக்கு, மேடை பயம் போகணும்னு நெனைக்கறவங்களுக்கு, மொதல்ல சபா. நாப்பது ஷோ கெடைக்கற எடத்த சாதாரணமா நெனைக்காதீங்க. ஏற்கனவே ஓரளவு பயிற்சி எடுத்து, குரலும் ஒடம்பும் தயாரா இருக்கறவங்களுக்கு ப்ராஜெக்ட் குழு, ஏன்னா அங்க நாலு விதமான டைரக்டர்கள பாக்கலாம், ஆனா அடிப்படைய அங்க யாரும் சொல்லிக் குடுக்க நேரம் இருக்காது, ஆறு வாரத்துல நாடகம் ஏறணும். அடிப்படையே இன்னும் போடாத, ஆனா இதத்தான் செய்யப்போறேன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சவங்களுக்கு முழு நேரம், அதுவும் முப்பதுக்குள்ள, முட்டியும் மூச்சும் ஒத்துழைக்கறப்பவே. தங்கச்சி மூணாவது வகை, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. காலேஜ்ல அவ பண்ணின கடைசி நாடகத்த பாத்தேன், எல்லாம் இருக்கு, குரல் மட்டும் கழுத்தோட நிக்குது.

லோன்தான் பெரிய தடை. அதையும் உக்காந்து பாத்தோம். அவ சேத்து வச்சதுல பத்து மாச இஎம்ஐக்கு ஏழு மாசம்தான் தேறுது, மீதி மூணு மாசம் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், கடனா, திருப்பித் தரணும்னு சொல்லித்தான். அவ ஆபீஸ்ல சம்பளமில்லா லீவு எவ்ளோ நாள் குடுப்பாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் ராஜினாமா பத்தி யோசின்னு சொல்லிருக்கேன், ஆடிஷன்ல எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போடவே கூடாது. சென்னை குழு ஆடிஷனுக்கும் போகத்தான் சொன்னேன், அது வியாழக்கிழமை சாயங்காலம், பாண்டி சனிக்கிழமை, ரெண்டு நாள் முன்னாடி வேற ஆளுங்க முன்னாடி நின்னு பேசினது ஒடம்புக்கு நல்லது, ஆனா எடுத்தாங்கன்னா உடனே சரின்னு சொல்லாம திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேக்கணும், அத நேரா சொல்லிடணும், பொய் காரணம் வேணாம். சபாக்காரர்கிட்ட இந்த வருஷம் முடியல சார், அடுத்த ஏப்ரலுக்கு கூப்பிடுங்கன்னு போன் பண்ணி சொல்லிட்டா, அவர் சந்தோஷமாத்தான் பேசினாராம்.

நேத்து ராத்திரி மொட்டை மாடிலேர்ந்து ஒப்பாரிய பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தா. ரெண்டாவது வரில வார்த்தை மறந்து அவளா ஏதோ போட்டுருக்கா, அதனால ஊருக்கு போன் பண்ணி பெருந்திருவாள் வேஷம் கட்டற பெரியவர்கிட்ட சரியா கேட்டுக்கோன்னு சொன்னேன், அவருக்கு இப்ப சீசன் முடிஞ்சிருக்கும், பகல்ல வீட்டுல இருப்பார். சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு திருவான்மியூர்ல பஸ் ஏறணும், நானும் கூட போறேன், கேட் வரைக்கும்.